வயதைக் கேட்கும் இயங்குதளம்: கட்டற்ற மென்பொருள் பயன்படுத்துவோர் ஏன் அஞ்சுகிறார்கள்?

கேள்வி: 2027 சனவரி முதல் லினக்ஸ் உட்பட எல்லா இயங்குதளங்களும் பயனரின் வயதைக் கேட்டாக வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டம் வந்திருக்கிறது. பிறந்த தேதியைத் தட்டினால் போதும், அடையாள அட்டை எதுவும் வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் இதில் தனியுரிமைக்கு என்ன கேடு? கட்டற்ற மென்பொருள் பயன்படுத்துவோர் மட்டும் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்?

பதில்: நியாயமான கேள்வி. ஒன்றை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். நான் படித்துப் பார்த்த வயதுச் சட்டங்களுள் தனியுரிமைக்கு மிகக் குறைவாகக் கேடு செய்வது கலிபோர்னியாவின் சட்டம்தான். பதற்றம் அந்த ஒரு சட்டத்தால் மட்டும் வரவில்லை. பயனர் தன் வயதைச் சொன்னால் போதாது, அதை நம்பத் தகுந்த ஒன்று உறுதிப்படுத்த வேண்டும் என்ற இடத்துக்குப் பல நாடுகளின் சட்டங்கள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த உறுதியைக் கைபேசியோ கணினியோ தர வேண்டுமானால், அதிலுள்ள மென்பொருளை அதன் சொந்தக்காரர் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்க வேண்டியிருக்கும். மாற்றும் உரிமைதான் கட்டற்ற மென்பொருளின் உயிர் என்பதால், மற்றவர்களுக்கு ஒரு படிவமாகத் தெரிவது இவர்களுக்கு இருப்பைப் பற்றிய கேள்வியாகத் தெரிகிறது.

முதலில் கலிபோர்னியாவைப் பார்ப்போம். டிஜிட்டல் வயது உறுதிச் சட்டம் என்ற பெயர் கொண்ட 1043ஆம் எண் சட்டமன்ற மசோதாவில் 2025 அக்டோபர் 13 அன்று ஆளுநர் கவின் நியூசம் கையொப்பமிட்டார். கணக்கு அமைக்கும் நேரத்தில் இயங்குதளம் பயனரின் பிறந்த தேதியையோ வயதையோ கேட்க வேண்டும்; அதை வைத்து அவர் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவரா, 13 முதல் 16க்குள் இருப்பவரா, 16 முதல் 18க்குள் இருப்பவரா, 18 நிறைந்தவரா என்று வகைப்படுத்த வேண்டும்; ஒரு செயலி தரவிறக்கப்பட்டுத் திறக்கப்படும்போது அதை உருவாக்கியவர் கேட்டால், இந்த நான்கில் எந்த வகை என்பதை மட்டும் தெரிவிக்க வேண்டும். தேவைக்கு மேற்பட்ட தகவலை அனுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. அட்டையோ முகப்படமோ கேட்கச் சொல்லவில்லை. பெற்றோர் தம் பிள்ளைக்குக் கருவியை அமைத்துத் தரும்போது உண்மையைச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய சட்டம் இது, அந்த நம்பிக்கையில் தவறொன்றும் இல்லை.

சிக்கல் வரையறையில் இருக்கிறது. கணினி, கைபேசி, அல்லது வேறெந்தப் பொதுப்பயன் கருவியிலும் இயங்கும் இயங்குதள மென்பொருளை உருவாக்கும், உரிமமளிக்கும் அல்லது தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் எந்த நபரும் அமைப்பும் இயங்குதள வழங்குநர்தான் என்கிறது சட்டம். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதிய வரி என்பது படித்தவுடனே விளங்குகிறது. ஆனால் 1993 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலும் அந்த வரிக்குள் அடங்குகிறது; ஓய்வு நேரத்தில் தனியாக ஒரு லினக்ஸ் வழங்கலைத் தொகுத்து வெளியிடும் மாணவரும் அடங்குகிறார். செயலிக் கடை என்பதன் வரையறையும் இதே அகலம் கொண்டது. பிறர் உருவாக்கிய செயலிகளைத் தரவிறக்கித் தரும் இணையத்தளம் எதுவும் அதில் சேரும் என்பதால், ஆண்ட்ராய்டு செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டும் லினக்ஸ் செயலிகளைத் தரும் பிளாட்ஹப்பும் மட்டுமன்றி, டெபியனின் மென்பொருள் களஞ்சியமேகூட அந்தச் சொல்லுக்குள் வரலாம்.

டெபியனில் புதுக் கணக்கு தொடங்கிப் பார்த்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது உடனே விளங்கும். கணினியின் முழு அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கில் இருந்து ஆட்யூசர் என்ற கட்டளையைத் தட்டினால், கடவுச்சொல்லைக் கேட்ட பிறகு முழுப் பெயர், அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி என்று வரிசையாகக் கேட்கும். அறை எண்ணைக் கேட்பது ஆய்வுக்கூடங்களில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளக் காலத்தின் எச்சம். எல்லாவற்றுக்கும் வெறுமனே என்டரைத் தட்டிக்கொண்டே போகலாம், கணக்கு உருவாகிவிடும். அந்த விவரங்கள் போய்ச் சேர்வது, வரிக்கு ஏழு புலங்கள் கொண்ட ஓர் எளிய உரைக் கோப்பில். கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கலாம். அதே கோப்பில் மெயில், டீமன் என்று மனிதரே இல்லாத கணக்குகளும் வரிசையாக நிற்கும். இவற்றுக்கெல்லாம் பிறந்த தேதி எது? தரவு மையத்தில் திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஓடும் வழங்கியில் (சர்வரில்), தானியங்கி நிரல் நொடிக்கொரு கணக்கைத் தொடங்கி அழிக்கும்போது வயதுக் கேள்விக்கு யார் விடை சொல்வது? சட்டத்தை எழுதியவர்கள் கணக்கு என்றவுடன் ஒரு பிள்ளையின் கையிலிருக்கும் கைபேசியைக் கண்டார்கள். யூனிக்ஸ் மரபில் கணக்கு என்பது அனுமதிகளைப் பிரித்துவைக்கும் ஓர் ஏற்பாடு மட்டுமே. இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் மோதுவதிலிருந்துதான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

மீறலுக்கான தண்டத்தொகையையும் பார்க்க வேண்டும். கவனக்குறைவால் மீறினால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,500 டாலர் வரையும், வேண்டுமென்றே மீறினால் 7,500 டாலர் வரையும் போகலாம். வழக்குத் தொடுக்கும் அதிகாரம் மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு மட்டுமே உண்டு. நல்லெண்ணத்தோடு முயன்றவருக்கு, தவறான வயதுக் குறிப்பால் பொறுப்பு வராது என்ற பாதுகாப்பும் உண்டு. ஆகவே நாளைக்கே ஒரு தன்னார்வலர் மேல் வழக்குப் பாயும் என்று நான் மிரட்ட மாட்டேன். ஆனால் பெரிய நிறுவனத்துக்கு ஒரு வழக்கறிஞர் பிரிவே இருக்கிறது, தன்னார்வலருக்கு யாரும் இல்லை. இத்தகைய சட்டத்தைப் படித்துவிட்டு, எதற்கு வம்பு என்று அவர் திட்டத்தையே மூடிவிடுவதுதான் நடக்கக்கூடிய இழப்பு. கலிபோர்னியாவில் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்தில் ஒரு வரி சேர்த்துத் தப்பிக்கலாமே என்றால், அதற்கும் இடமில்லை. எந்த நபரையும் குழுவையும் ஒதுக்கக் கூடாது என்பது டெபியன் வகுத்த கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளில் ஒன்று. திறமூல வரையறையும் அதிலிருந்து வந்ததுதான். அந்த வரியைச் சேர்த்த உடனேயே அது கட்டற்ற மென்பொருளாக இருக்கும் தகுதியை இழக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: வெறுமனே தேதியைச் சொல்வதில் என்ன கேடு? அந்த அளவில் நின்றால் கேடு சிறிதுதான். நிற்காது என்று நான் அஞ்சுவதற்குக் காரணம் பிரிட்டன். அங்கே 2023ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஆபாசத் தளங்கள் முதலியவை 2025 சூலை 25 முதல் மிகுந்த பயனுள்ள வயது உறுதிமுறையைக் கையாள வேண்டியதாயிற்று. எனக்கு 18 வயதாகிவிட்டது என்று பயனர் தாமே பொத்தானை அழுத்துவதை ஏற்க முடியாது என்று கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அது ஏற்பவை ஒளிப்பட அடையாள அட்டை, முகத்தைப் பார்த்து வயதைக் கணித்தல், கடனட்டை, வங்கி வழியாக உறுதிப்படுத்தல், கைபேசி நிறுவனத்தின் வழியாக உறுதிப்படுத்தல் போன்றவை. மீறினால் 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 விழுக்காடு, இவற்றில் எது பெரிதோ அதுவரை அபராதம் விதிக்கலாம். நடைமுறைக்கு வந்த அன்றே பயனர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பதை மறைத்துத் தரும் விபிஎன் சேவையை நடத்தும் புரோட்டான் நிறுவனம், பிரிட்டனிலிருந்து மணிக்கு மணி சேர்வோர் எண்ணிக்கை 1,400 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்ததாக அறிவித்தது. ஒரு பெரிய உரையாடல் தளத்தின் முகச் சோதனையை வீடியோ விளையாட்டுக் கதாபாத்திரம் ஒன்றின் முகத்தைக் காட்டியே கடந்துவிட முடிகிறது என்று செய்தியாளர்கள் செய்து காட்டினார்கள். சட்டம் தோற்கும் ஒவ்வொரு முறையும் அரசுகள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றே: சோதனையை இன்னும் இறுக்க வேண்டும்.

இறுக்கினால் என்ன சேர்கிறது என்பதற்கு 2025ஆம் ஆண்டே இரண்டு சான்றுகளைத் தந்தது. பெண்களுக்கான பாதுகாப்புச் செயலி என்று அறியப்பட்ட டீ, சேர வருவோரிடம் முகப்படமும் அடையாள அட்டையும் வாங்கி வைத்திருந்தது. சூலையில் ஏறத்தாழ 72,000 படங்கள் கசிந்தன, அவற்றில் சுமார் 13,000 சரிபார்ப்புக்காகப் பெற்ற முகப்படங்களும் அட்டைகளும். அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற உரையாடல் தள நிறுவனம், தன் வாடிக்கையாளர் சேவையைக் கையாண்ட வெளி நிறுவனமொன்றின் வழியாக ஏறத்தாழ 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளிப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது. வயதைப் பற்றிய முடிவை எதிர்த்து முறையிட்டவர்கள் அனுப்பிய அட்டைகளும் அவற்றுள் இருந்தன. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தையும் பிறந்த தேதியையும் மாற்ற முடியாது. சேர்த்து வைக்காத தரவு கசியாது என்பதால், ஒரு வயதுச் சட்டத்தைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, சான்று யார் கையில் எத்தனை நாள் இருக்கும் என்ற வரியைத்தான்.

முகத்தைப் பார்த்து வயதைக் கணிப்பது மென்மையான வழி என்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட ஆய்வில், பாலினம், பிறந்த நிலப்பகுதி, வயது ஆகியவற்றுக்கேற்பப் பிழை மாறுவதும், பெண்களின் முகங்களில் பிழை ஏறக்குறைய எப்போதும் கூடுதலாக இருப்பதும் தெரியவந்தன. பிழையைச் சமாளிக்க, 18 என்ற எல்லைக்கு, 25 வயதாவது தெரிந்தால்தான் அனுமதி என்று இடைவெளி விட்டுக் கணிக்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்தால், இளமையான தோற்றம் கொண்ட 22 வயதுப் பெண் கடைசியில் அட்டையைத்தான் எடுக்க வேண்டும்.

தனியுரிமையைக் காத்துக்கொண்டே வயதை நிறுவ முடியாதா? கணிதத்தில் வழி இருக்கிறது, அது மெய்யாகவே அழகான வழி. நான் 18 வயது நிரம்பியவன் என்பதை, என் பிறந்த தேதியையோ பெயரையோ சொல்லாமல், அரசு கையொப்பமிட்ட சான்றிதழை வைத்து நிறுவிக் காட்டலாம். இதைப் பூச்சிய அறிவு நிறுவல் என்பார்கள். ஐரோப்பிய ஆணையம் 2025 சூலையில் வெளியிட்ட வயதுச் சரிபார்ப்புச் செயலியின் முன்வடிவம் இந்தத் திசையில்தான் போகிறது. டென்மார்க், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகள் முதலில் முயன்று பார்க்க முன்வந்தன, செயலியின் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. இத்தனையும் நல்லவை. ஆனால் இதற்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. யார் என்று தெரியாமலே நிறுவ முடியும் என்றால், ஒருவரின் சான்றிதழை ஆயிரம் சிறுவர்கள் பகிர்ந்துகொண்டாலும் தெரியாது. அதைத் தடுக்கச் சான்றிதழை ஒரே கருவியோடு பிணைக்க வேண்டும். பிணைப்பை நம்ப வேண்டுமானால், அந்தக் கருவியின் மென்பொருள் மாற்றப்படவில்லை என்பதற்கு வேறொருவர் உத்தரவாதம் தர வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த உத்தரவாதத்தைத் தருவது பெரும்பாலும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனைச் சேவை. ஐரோப்பியச் செயலியின் ஆண்ட்ராய்டு ஆவணத்தில் அந்தச் சோதனை திட்டமிட்ட அம்சமாகக் குறிக்கப்பட்டிருந்ததைக் கண்டுதான் அதன் களஞ்சியத்திலேயே பயனர்கள் எதிர்ப்பை எழுதினார்கள். தனியுரிமைக்காக எடுத்த ஒவ்வொரு அடியும் சரியானதே. போய்ச் சேர்ந்த இடமோ, ஐரோப்பியக் குடிமகன் தன் வயதை நிறுவ ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஒப்புதலை எதிர்பார்க்கும் இடம்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தயாரித்த நிறுவனம் பாதுகாப்பு இற்றைப்பாடுகளை நிறுத்திவிட்ட ஒரு கைபேசியில், ஆண்ட்ராய்டின் மேல் தன்னார்வலர்கள் உருவாக்கும் லினியேஜ் ஓஎஸ் இயங்குதளத்தை நிறுவினேன். நான்கு ஆண்டு பழைய ஓட்டைகளோடு கிடந்த கருவிக்கு மாதந்தோறும் திருத்தங்கள் வரத் தொடங்கின. அதன் பிறகு ஒரு வங்கியின் செயலியைத் திறந்தால், வெள்ளைத் திரையில் இந்தக் கருவி பாதுகாப்பானதாக இல்லை என்ற ஒரு வரி மட்டும் தோன்றியது. அதற்குக் கீழே வெளியேறு என்ற பொத்தான். ஓட்டைகள் நிறைந்த பழைய மென்பொருள் இருந்தவரை அதே செயலி ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்தது. சோதனை அளந்தது பாதுகாப்பை அல்ல, மென்பொருள் யாருடைய ஒப்புதல் பெற்றது என்பதைத்தான். ஆண்ட்ராய்டின் மேல் பாதுகாப்பை முதன்மையாக வைத்து உருவாக்கப்படும் கிராஃபீன் ஓஎஸ் இயங்குதளக் குழுவினர் நெடுநாளாகச் சொல்வதும் இதுவே: வன்பொருள் வழியாகத் தங்கள் இயங்குதளத்தைச் சரிபார்க்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருந்தும், செயலிகள் கூகுள் உரிமம் பெற்ற அமைப்புகளை மட்டும் ஏற்கும் சோதனையையே பயன்படுத்துகின்றன. வங்கிச் செயலி திறக்கவில்லை என்றால் கிளைக்கு நடந்து போய்விடலாம். படிப்பதற்கும் எழுதுவதற்கும் உரையாடுவதற்கும் வயதுச் சான்று கட்டாயமாகி, அந்தச் சான்று இத்தகைய கருவியில் மட்டுமே கிடைக்கும் என்றால் நடந்து போக ஒரு கிளை இருக்காது.

இயங்குதளத்தை விட்டுவிட்டுச் சேவைகளைப் பார்த்தாலும் பளு சிறியவர்கள் தலையிலேயே விழுகிறது. சமூக ஊடகங்கள் பயனரின் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலச் சட்டம், மீறினால் பயனர் ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர் வரை அபராதம் விதிக்க இடம் தந்தது. அனைவரின் வயதையும் சரிபார்க்கும் கட்டமைப்பு தன்னிடம் இல்லை என்று கூறி புளூஸ்கை என்ற சமூக ஊடகம் 2025 ஆகத்து மாதத்தில் அந்த மாநிலத்துக்கே சேவையை நிறுத்தியது. பலர் தனித்தனி வழங்கிகளில் நடத்தும் சமூக ஊடக மென்பொருளான மாஸ்டடானின் குழுவினர், அந்தச் சட்டத்துக்கு இணங்கத் தங்களிடம் வழியில்லை, ஒவ்வொரு வழங்கியை நடத்துபவரும்தான் தம் முடிவை எடுக்க வேண்டும் என்றார்கள். விக்கிப்பீடியாவின் நிலை இன்னும் நுட்பமானது. பிரிட்டன் சட்டத்தின் மிகக் கடுமையான வகையில் சேர்க்கப்பட்டால், புனைபெயரில் எழுதும் தன்னார்வலர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க நேரிடும் என்று விக்கிமீடியா அறக்கட்டளை உயர் நீதிமன்றம் சென்றது. 2025 ஆகத்து 11 அன்று மனு தள்ளுபடியானது. ஆயினும் விக்கிப்பீடியாவின் செயல்பாட்டைப் பெரிதும் முடக்கும் ஏற்பாட்டுக்கு இது பச்சைக்கொடி ஆகாது என்று நீதிபதி குறித்து வைத்தார். ஆஸ்திரேலியா இந்த ஓர் இடத்தில் பொறுப்பாக நடந்துகொண்டது என்பேன். 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 திசம்பர் 10 முதல் தடுத்த அந்நாடு, மென்பொருள் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் அந்தத் தடையில் வராது என்று முன்கூட்டியே அறிவித்தது. எது எதற்காக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கச் சட்டத்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது அயலூர்க் கதையும் அன்று. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது; அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், தவறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இந்தப் பகுதி 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் உயிர்பெறும். பெற்றோரைச் சரிபார்க்க, ஏற்கனவே கைவசமுள்ள அடையாள விவரத்தையோ அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் போன்ற சேவை தரும் மெய்நிகர் அடையாளக் குறியையோ பயன்படுத்தலாம். குழந்தைகளைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் பிரிவை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் வந்திருப்பவர் குழந்தையா என்று தெரிய, வருபவர் எல்லாரையும் கேட்க வேண்டியிருக்கும். அம்மாவின் கைபேசியில் அம்மாவின் கணக்கிலேயே மூன்று பிள்ளைகளும் பாடம் படிக்கும் வீட்டில் அந்தக் கேள்விக்கு யாருடைய வயதைச் சொல்வது? பள்ளி மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழியைக் கற்றுத்தரும் ஒரு தன்னார்வக் குழு, கணக்குத் தொடங்கும் வசதியோடு சொந்த வழங்கி நடத்தினால், அதுவும் இந்தச் சட்டத்தின் பார்வையில் தரவைக் கையாளும் பொறுப்பாளர்தான்.

குழந்தைகளுக்கு இணையத்தில் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதனாலேயே எந்த வழி உண்மையில் உதவும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். வயதைப் பெற்றோர் தம் வீட்டுக் கருவியில் குறித்து வைப்பதும், கருவி வகையை மட்டும் சொல்வதும், சொன்னதைச் சரிபார்க்க வெளியாள் நுழையாமல் இருப்பதும் ஏற்கத்தக்க எல்லை. கலிபோர்னியா அந்த எல்லைக்குள் நிற்கிறது. வணிக நோக்கமின்றி வெளியிடப்படும் இயங்குதளங்களுக்கும் மனிதர் பயன்படுத்தாத கணக்குகளுக்கும் தெளிவான விலக்கை எழுதிச் சேர்த்தால் அந்தச் சட்டத்தை நானே ஆதரிப்பேன். அட்டையைச் சேமிக்கும் முறையையும், குறிப்பிட்ட நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற கருவியை நிபந்தனையாக்கும் முறையையும் எந்த நாட்டில் கண்டாலும் எதிர்க்கிறேன்.

நீங்கள் லினக்ஸ் பயன்படுத்துபவர் என்றால் இப்போதைக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. 2027 சனவரி 1க்கு முன்பே அமைக்கப்பட்ட கருவிகளில் வயது கேட்கும் வசதியைத் தர, இயங்குதள வழங்குநர்களுக்கு அந்த ஆண்டின் சூலை 1 வரை அவகாசம் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் வழங்கல் அதை எப்படிச் செய்யப்போகிறது என்று அதன் அஞ்சல் குழுவில் படித்துப் பாருங்கள். பிறந்த தேதியை எல்லாரும் படிக்கக்கூடிய கோப்பில் எழுதுகிறார்களா, வகையை மட்டும் ரூட்டுக்கு உரிய இடத்தில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். குழந்தைகளுக்குக் கணக்குத் தொடங்கும் சேவை எதையாவது இந்தியாவில் நடத்துகிறீர்கள் என்றால், 2027 மே மாதத்துக்கு முன் அந்தக் கணக்குகள் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். பெயரும் மின்னஞ்சலும் கேட்காமலே பாடத்தைத் திறந்து படிக்க முடியுமானால், ஒப்புதல் வாங்க வேண்டிய தரவே உங்களிடம் இருக்காது.